இருவரும் நலம்

தோஸ் பாவோஸ்
1971 பிப்ரவரி 9

அன்புள்ள ஃபிடேலியா அக்காவுக்கு,

தம்பி எலிஹியோ எழுதுவது. கடவுள் கிருபையில் இங்கு நானும் அத்தானும் நலம். நீயும் ஹெர்லிண்டாவும் நலம்தானே? முழங்கால் வலிக்கு அந்த இலையை அரைத்துப் போட்டாயா?

நாலு நாள் கோவேறு கழுதைக்குப் பின்னால் நடந்து வந்து சேர்ந்தோம். ஆறாவது வருடம். குடிசையின் ஓலை பாதி போயிருந்தது. குளத்துத் தண்ணீர் பச்சையாக இருக்கிறது. துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். எங்கள் காவலில் உள்ள பழைய சிற்பக் கற்கள் பதினொன்றும் நின்ற இடத்தில் நிற்கின்றன. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. இலையைக் கூட்டுகிறோம், பாசியைச் சுரண்டுகிறோம். மாதக் கடைசியில் தலைநகருக்கு அனுப்பும் தாளில் ‘மாற்றம் ஏதும் இல்லை’ என்று எழுதுகிறேன். ஆறு வருடமாக அதே மூன்று வார்த்தைகள். இப்போதெல்லாம் எழுதும்போது தூக்கம் வருகிறது.

வடக்கே, பிசின் எடுப்பவர்களின் முகாமில் ஒரு பேச்சு அடிபடுகிறது. ரம்பமும் துப்பாக்கியுமாகச் சில பேர் பாழடைந்த ஊர்களில் புகுந்து கற்களை அறுத்துக்கொண்டு போகிறார்களாம். எங்களிடம் ஒரு துப்பாக்கி உண்டு. தோட்டா தீர்ந்து நாலு மாதம் ஆகிறது.

அத்தான் தூளியில் படுத்தபடி சொல்கிறார்: “எழுதறியா? எழுது. கூரையில ஓலை மாத்தச் சொன்னேன், மாத்தினாளா? அந்தப் பன்னிய வித்துடச் சொல்லு. அவ்வளவுதான்.”

“வேற ஒண்ணும் சொல்ல வேணாமா அத்தான்?”

“வேற என்ன இருக்கு? கடுதாசி வந்தாலே நான் சாகலைன்னு தெரிஞ்சுக்க மாட்டாளா?”

ஆனால் காலையில் அவர் முதலில் கூட்டுவது ஐந்தாம் கல்லைத்தான். கையில் கிண்ணத்தோடு நிற்கும் ராணி. காலுக்கடியில் கட்டிப்போட்ட கைதி ஒருவன். “உங்கக்கா மூஞ்சி அப்படியே இருக்குடா. ஒருத்தன் மேல ஏறி நிக்கறோமேன்னு நெனைப்பே இல்ல பாரு” என்கிறார்.

கழுதைக்கார நிக்கானோர் கிளம்புகிறார். உப்பும் தீப்பெட்டியும் அனுப்பு.

உன் தம்பி
எலிஹியோ


சான் ஹோசே
1971 மார்ச் 21

அன்புள்ள தம்பி எலிஹியோவுக்கு,

கழுதை வியர்வை நாற்றத்தோடு உன் கடிதம் கிடைத்தது. ஏரிக்கரையில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இலை அரைக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, பிறகு எங்கே அரைப்பது?

நேற்று முன்தினம் ஊர்த் திருவிழா முடிந்தது. மூன்று நாள் சோளம் அரைத்து இரண்டு தோளும் போய்விட்டன. ஹெர்லிண்டா வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். ஓலை மாற்றியாகிவிட்டது. பன்றியை விற்க மாட்டேன். அது என் பன்றி என்று அவரிடம் சொல்.

புனித வாரத்துக்கு அவரை அனுப்பு. வருஷத்துக்கு ஒருமுறையாவது சிலுவைக்குப் பின்னால் அவர் நடப்பதை ஊர் பார்க்கட்டும். கற்கள் எங்கே ஓடிவிடப் போகின்றன? ஒருவர் காவல் இருந்தால் போதும்.

அந்த ரம்பக்காரர்கள் வந்தால் கல்லைக் கொடுத்துவிட்டு வந்து சேருங்கள். நம் முன்னோர் செதுக்கியது என்று பள்ளிக்கூடத்தில் ஹெர்லிண்டாவுக்குச் சொல்லித் தருகிறார்கள். இருக்கட்டும். அந்த ராணி எனக்கு என்ன முறை ஆகிறாள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் என்ன முறை என்று தெரியும்.

உப்பு, தீப்பெட்டி, ஒரு சவுக்காரம் அனுப்பியிருக்கிறேன். கர்த்தர் காப்பாராக.

அக்கா
ஃபிடேலியா


தோஸ் பாவோஸ்
1971 ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு இருவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

புனித வாரத்துக்கு அத்தானை அனுப்ப முடியவில்லை. காலைப் பிசகிக்கொண்டார். பெரிதாக ஒன்றுமில்லை, நாலு நாள் நடை தாங்காது, அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதே.

அத்தான் சொன்னதை எழுதுகிறேன்: “ஃபிடேலியா, இந்தமுறை வர முடியவில்லை. மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. பன்றி உன்னுடையதுதான், நீயே வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.”

மழை சீக்கிரமே வரும்போல இருக்கிறது. வேறு மாற்றம் ஏதும் இல்லை.

எலிஹியோ


சான் ஹோசே
1971 மே 30

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் இந்தமுறை ஒரு பக்கம்கூட வரவில்லை. தாள் தீர்ந்துவிட்டதா? இத்துடன் பத்துத் தாள் வைத்திருக்கிறேன்.

பன்றி என்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்ட இடத்தை மூன்றுமுறை படித்தேன். ஹெர்லிண்டாவையும் படிக்கச் சொன்னேன். “அப்பாவுக்குக் காய்ச்சலாம்மா?” என்றாள்.

நிக்கானோரிடம் கேட்டேன். “நான் சோளம் எறக்கப் போனப்ப எலிஹியோ மட்டுந்தான் இருந்தாரு. லாரியானோ காட்டுக்குள்ள போயிருக்காருன்னு சொன்னாரு” என்றார். பிசகின காலோடு காட்டுக்குள் என்ன வேலை? எந்தக் கால்?

அடுத்த கடிதத்தின் அடியில் அவர் கையால் ஒரு சிலுவை போடச் சொல். பாதிரியார் ஏட்டில் கல்யாணத்தன்று போட்டாரே, அதுபோல. எழுதத் தெரியாத மனிதருக்கு அதுதான் கையெழுத்து. எனக்கு அது போதும்.

அக்கா
ஃபிடேலியா


தோஸ் பாவோஸ்
1971 ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். தாளுக்கு நன்றி. பாதி ஈரத்தில் ஒட்டிப்போய்விட்டது.

இடது கால். இப்போது சரியாகிவிட்டது. நிக்கானோர் வந்த அன்று அத்தான் கோலூன்றிக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போயிருந்தார். மழை விடாமல் பெய்கிறது. விறகு எரியவில்லை. எனக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருக்கிறது. தூளியில் படுத்தால் எதிரே இன்னொரு தூளி தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன்.

அத்தான் சொல்கிறார்: “ஃபிடேலியா, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கனமான குடத்தைத் தூக்காதே. ஹெர்லிண்டா நன்றாகப் படிப்பது சந்தோஷம். மழை விட்டதும் வருகிறேன்.”

கீழே அவருடைய சிலுவை.

✝

எலிஹியோ


சான் ஹோசே
1971 அக்டோபர் 3

எலிஹியோ,

காய்ச்சல் விட்டதா? ஹெர்லிண்டா கட்டிக் கொடுத்த மாத்திரைகளை நிக்கானோரிடம் கொடுத்திருக்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு.

மழையில் கழுதைகள் போகவில்லை. அதனால்தான் இத்தனை நாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. முன்பே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அந்தச் சிலுவை ரொம்ப நேராக இருந்தது. அவர் வாழ்நாளில் நேராக ஒரு கோடு போட்டதில்லை. வேலி அடித்தால்கூட ஏரிப் பக்கம் சாயும். பதினாறு வருஷத்தில் என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைக் கேட்கிறவன் நீ. நீ எதையோ மறைக்கிறாய் என்று உன் ஏப்ரல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். காத்திருந்து அலுத்துப்போய்விட்டது.

அடுத்த மாதம் முதல் தேதி எல்லா ஆத்மாக்களுக்கும் வாசல் திறக்கிற நாள். கோயிலில் வைத்திருக்கும் முன்னோர் மண்டையோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக வருவார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வழக்கம்போலப் படையல் தட்டு வைப்பேன். அவருக்கும் ஒரு தட்டு வைக்கவா, வேண்டாமா?

அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஃபிடேலியா


தோஸ் பாவோஸ்
1971 அக்டோபர் 19

அக்கா,

நான் நலம். அத்தானைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை குளத்திலிருந்து இரண்டு டின் தண்ணீரோடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் கல்லைச் சுற்றி ஏழு பேர் நின்றிருந்தார்கள். கழுதைகள், துப்பாக்கிகள். அத்தான் நடுவில் கையைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார். நான் டின்களைக் கீழே வைத்துவிட்டு மேட்டுக்குப் பின்னால் படுத்துவிட்டேன். ஓடவில்லை. கத்தவுமில்லை. படுத்தேன்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. குரங்குகள் கத்திக்கொண்டிருந்தன. அத்தான் ஒருமுறை சிரித்தார். பிறகு இரண்டு பேர் கல்லின் பக்கவாட்டில் உளியை வைத்து அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் தலையை ஆட்டினார். ரம்பத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்தார். இரண்டு நாள் அறுத்தார்கள். நான் பின்பக்கத்துக் கோயிலின் இடிந்த அறைக்குள் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ராணியைப் பலகையில் கட்டிக் கிழக்கே கொண்டுபோனார்கள். முதல் கழுதையைப் பிடித்துக்கொண்டு அத்தான் முன்னால் நடந்தார்.

கயிற்றால் கட்டியிருந்தார்களா என்று கேட்பாய். கட்டவில்லை. துப்பாக்கி அவர் முதுகைப் பார்த்து இருந்ததா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது, அக்கா. அந்த நேரம் நான் முகத்தைத் தரையில் பதித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். கல்லும் இல்லை, காவல்காரனும் இல்லை என்று எழுதினால் யாராக இருந்தாலும் இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். அவரைத் திருடன் என்பார்கள். அப்படி எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ‘அப்போது நீ எங்கே இருந்தாய்’ என்று கேட்பார்கள் அல்லவா, அதற்குத்தான் பயந்தேன். ஏப்ரல் தாளில் ‘மாற்றம் ஏதும் இல்லை’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதையே எழுத வேண்டியதாயிற்று. உனக்கும்.

ராணியின் காலுக்குக் கீழே அறுத்திருக்கிறார்கள். கைதி மட்டும் இங்கே இருக்கிறான்.

தட்டு வைக்காதே. வைக்க வேண்டாம் என்று சொல்ல என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. ஆனாலும் வைக்காதே.

எலிஹியோ


சான் ஹோசே
1971 நவம்பர் 14

எலிஹியோ,

நீ நலமா என்று கேட்க இன்று கை வரவில்லை.

தட்டு வைக்கவில்லை. மண்டையோட்டோடு வந்தவர்கள் ஜெபம் முடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டே, “லாரியானோ எங்கம்மா? இந்த வருஷமும் காணோம்?” என்றார்கள். “வேலையில இருக்காரு. விடமாட்டேங்கிறாங்க” என்றேன். உன் பொய்யை என் வாயாலும் சொல்லியாகிவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம், நீ படுத்துக்கொண்டாயே, அதற்காக இல்லை. கல்லைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று எழுதியவள் நான்தான். ஏழு பேர் துப்பாக்கியோடு நின்றால் நானும்தான் படுத்திருப்பேன். ஆனால் ஏழு மாதம், எலிஹியோ. நாலு நாள் நடந்து வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஏப்ரல் மாதமே புறப்பட்டிருப்பேன். இந்த ஏழு மாதமும் அவரை ஒருவரும் தேடவில்லை. நீ அவர் நலமாக இருக்கிறார் என்று எழுதிக்கொண்டிருந்ததால் தேடவில்லை.

நிக்கானோர் எல்லா முகாமிலும் விசாரித்திருக்கிறார். எல்லைக்கு அந்தப்பக்கம் பென்கே ஊரில், மரம் அறுக்கும் ஆலையில், கையில் கட்டுப்போட்ட ஒரு ஆள் இருக்கிறானாம். ஏரிக்கரைக்காரன் என்கிறானாம், எந்த ஊர் என்று கேட்டால் சொல்வதில்லையாம். நாளைக்கு நானும் ஹெர்லிண்டாவும் மர லாரியில் போகிறோம். பன்றியை விற்றுவிட்டேன்.

ஃபிடேலியா


சான் ஹோசே
1971 டிசம்பர் 12

எலிஹியோ,

ஹெர்லிண்டாவும் நானும் திரும்பி வந்துவிட்டோம். உடம்பு முழுக்க வலி. அவரைப் பார்த்தோம்.

ஆலையின் பின்பக்கத்தில் இடது கையால் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார். வலது கையில் மூன்று விரல் இல்லை. வழியில் ஓர் ஓடையில் கல் சரிந்து விழுந்ததாம். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “யாரு செத்தா?”

“யாரும் சாகல. வீட்டுக்குக் கெளம்புங்க.”

“நான் வரக் கூடாது. புடிச்சுப் போட்டுருவாங்க. அந்தக் கல்லை அறுத்தது நான்தான்.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“எலிஹியோ.”

கையிலிருந்த பலகையை இறக்கி வைத்தார். “எப்பச் சொன்னான்?”

“அக்டோபர்ல.”

அந்தப் பலகையை மறுபடி எடுத்து அடுக்கினார். பிறகு, “அப்ப இத்தனை நாளும் என்னை யாரும் தேடலையா?” என்றார். அதற்கு நான் என்ன பூசி மெழுக முடியும்? “இல்ல” என்றேன். ஹெர்லிண்டா அழுதுவிட்டாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று ரம்பக்காரர்கள் கேட்டார்களாம். “நான் ஒருத்தன்தான்.” அப்படியென்றால் இரண்டு தூளி எதற்கு? “ஒண்ணு மச்சினனோடது. காய்ச்சல் வந்து ஊருக்குப் போயிட்டான், திரும்பி வரமாட்டான்.” ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். “பயத்துலதான்” என்றார். ரம்பத்தை ஏன் வாங்கினீர்கள் என்றும் கேட்டேன். “உளியில முடியலைன்னா நெருப்பு வச்சு உடைக்கப் போறோம்னானுங்க. அறுத்தாலாவது மொகம் முழுசாப் போகும். அஞ்சாறு வருஷம் தொடச்ச மொகம்.”

ஆற்றங்கரையில் கல்லைப் படகில் ஏற்றிவிட்டு, இவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். “உன் ஊருக்குப் போனா மொதல்ல உன்னைத்தான் கட்டுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கை அழுகிக் காய்ச்சலில் கிடந்தவரை ஆலையின் சமையல்காரி ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

எவ்வளவு சொல்லியும் எங்களோடு வர மறுத்துவிட்டார். கடைசியாகச் சொன்னது இது: “அவன் எழுதட்டும். நடந்ததைத் தலைநகருக்கு எழுதட்டும். எங்க ரெண்டு பேர்ல அவனுக்குத்தானே எழுதத் தெரியும்?”

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபிடேலியா


தோஸ் பாவோஸ்
1972 ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். காய்ச்சல் இல்லை. உன் கடிதத்தை நிக்கானோர் கொண்டுவந்து கொடுத்ததும், எழுதி அனுப்பத்தான் நினைத்தேன். மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். அதற்குள் வருடாந்தரக் கணக்கெடுப்புக்குத் தலைநகரிலிருந்து ஆய்வாளரே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், வரும் வழியெல்லாம் வயிற்றுப்போக்கு. கல்லைப் பார்க்கும் முன்பே அவரைக் குடிசையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் ஐந்தாம் கல்லின் மிச்ச அடியைப் போய்ப் பார்த்தார். அளந்தார். படம் எடுத்தார். திரும்பி வந்து அச்சடித்த தாளை விரித்தார்.

“சம்பவத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“மேட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேங்க.”

“உங்களால வெளிய வந்திருக்க முடியாது. அப்படித்தானே?”

“வரலைங்க.”

“உடனே தகவல் குடுக்காததுக்குக் காரணம்?”

“பயம்.”

அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். “பயம்னு எழுத முடியாதுங்க. உடம்பு சரியில்ல, பாதை வெள்ளத்துல மூழ்கிடுச்சு, இப்படி ஏதாவது சொல்லுங்க. உங்களுக்கும் நல்லது.”

இரக்கப்பட்டுத்தான் சொன்னார், அக்கா. மழைக்காலத்தில் பாதை மூழ்கியதும் உண்மைதான். எனக்குக் காய்ச்சல் வந்ததும் உண்மைதான். “அதையே எழுதுங்க, பயம்னு” என்றேன். எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

லாரியானோ கொஹுவோஹ் துப்பாக்கி முனையில் கொண்டுபோகப்பட்டார் என்று எழுதலாமா என்று கேட்டார். துப்பாக்கிகள் இருந்தன, முனை எந்தப்பக்கம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை என்றேன். ஏழு பேர் ஆயுதத்தோடு வந்து அவரைக் கொண்டுபோனார்கள், அவர் தானாகப் போகவில்லை என்று எழுதிக்கொண்டார். முத்திரை வைத்த நகல் இரண்டு கொடுத்தார். ஒன்று எல்லைச் சாவடிக்கு, ஒன்று அத்தானுக்கு. இரண்டும் இந்த உறையில் இருக்கின்றன. ஈரம் படாமல் ரப்பர் துணியில் சுற்றியிருக்கிறேன்.

எனக்கு வேலை போய்விட்டது. புது ஆட்கள் மார்ச்சில் வருவார்கள், அதுவரை இருக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு ஃப்ளோரெஸ் நகரில் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். என்ன செய்வார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.

பத்துக் கற்கள் இருக்கின்றன. இன்று மாலையும் ஒரு சுற்று போய் வந்தேன். அத்தான் என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் எழுது. கேட்காவிட்டாலும் எழுது.

உன் தம்பி
எலிஹியோ


சான் ஹோசே
1972 பிப்ரவரி 27

அன்புள்ள எலிஹியோ மாமாவுக்கு,

ஹெர்லிண்டா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அம்மா அந்தத் தாளோடு மறுபடியும் லாரியில் போய், பன்னிரண்டாம் தேதி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சாவடியில் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். மாதம் ஒருமுறை ஃப்ளோரெஸ் போய்த் தலையைக் காட்ட வேண்டும். அப்பா உங்களுக்கு எழுதச் சொல்கிறார். சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

“எலிஹியோ. தாளை இவ படிச்சுக் காட்டினா. ரெண்டு தடவை. நல்லாத்தான் எழுதியிருக்கு.

நீ அங்க இருந்தது எனக்குத் தெரியும்டா. தண்ணி டின்னைக் கீழ வச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவனுங்களுக்குக் கேட்கல. ரெண்டு நாள் அறுத்தேன், ரெண்டு நாளும் அந்தக் கோயில் பக்கம் திரும்பக் கூடாதுன்னு கழுத்தை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே அறுத்தேன். போயிடு போயிடுன்னு மனசுக்குள்ள சொன்னேன். நீ போய் ஆளைக் கூட்டிட்டு வருவன்னு நெனைச்சேன். ஆத்தங்கரை வரைக்கும் நெனைச்சேன். பென்கேயில கெடந்தப்பவும் நெனைச்சேன். அப்புறம் நெனைக்கறத விட்டுட்டேன்.

ஹெர்லிண்டா, கோவம் இல்லைன்னு எழுதாத. இருக்கு. உங்கக்காவுக்கும் இருக்கு. வெரல் போனது உன்னால இல்ல. மத்தது உன்னாலதான்.

நீதிபதி கேட்டா நானும் வர்றேன். பார்த்தது நீ சொல்லு, நடந்தது நான் சொல்றேன். சாப்பாடு இங்கதான், வேற எங்க போவ? உங்கக்கா மாத்தின கூரை சரியில்ல, ஒரு கையால ஓலை கட்ட முடியல, மழைக்கு முன்னால கட்டணும். புது ஆளுங்க வந்ததும் பொறுப்பைக் குடுத்துட்டுக் கெளம்பு. எழுதிக்கிட்டு இருக்காத. வா.”

அவ்வளவுதான் சொன்னார், மாமா. எதையும் நான் சேர்க்கவில்லை.

ஹெர்லிண்டா